அம்மாவின் கைநாட்டும் ‘தற்குறி’ என்ற சொல்லும்

வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்து, அவர்கள் பெயரில் வங்கிக் கணக்கோ நிலமோ ஓய்வூதியமோ இருந்தால், இதை முழுக்கப் படித்துவிடுங்கள். அப்பா இறந்த பிறகு அவர் போட்டு வைத்திருந்த வைப்புத்தொகை அம்மா கைக்கு வருவதற்குள் நாங்கள் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன். அந்த அலைச்சலின் நடுவில் அம்மா மேல் ஒரு வசைச்சொல் வந்து விழுந்தது. அந்தச் சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும். பணம் வந்துவிட்டது, அந்தச் சொல் மட்டும் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். அப்பா ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டராக இருந்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பக்கத்து ஊர் வங்கியில் மூன்று லட்சம் ரூபாய்க்குக் கொஞ்சம் கூடுதலாக டெபாசிட் போட்டிருந்தார். நாமினி அம்மா. ரசீதிலேயே அம்மாவின் பெயர் இருந்தது. காரியம் முடிந்த கையோடு வங்கிக்குப் போய் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால் வேலை முடிந்துவிடும் என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

வங்கியில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ், முத்திரைத்தாளில் உறுதிப் பத்திரம், அதற்கு நோட்டரி, இரண்டு ஜாமீன்தாரர்கள், அவர்களுடைய சொத்து விவரம். நான் லீவு போட்டுவிட்டு இ-சேவை மையத்துக்கும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்தேன். திருப்பூருக்கும் ஊருக்கும் பஸ் செலவு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், பத்திரச் செலவு, நடுவில் “நான் பார்த்துத் தர்றேன்” என்று வந்தவருக்குக் கொடுத்தது, எல்லாம் சேர்த்தால் ரூ.20,000க்குக் குறையாது. மாதங்கள் ஓடிவிட்டன.

இவை எதுவுமே எங்களுக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. டெபாசிட்டுக்கு நாமினி இருந்தால், தொகை எவ்வளவாக இருந்தாலும், வாரிசுச் சான்றிதழோ உறுதிப் பத்திரமோ ஜாமீனோ கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இறப்புச் சான்றிதழும், வந்திருப்பவர் அந்த நாமினிதான் என்பதற்கு அடையாளமும் இருந்தால் போதும். சரியான விண்ணப்பம் கைக்கு வந்த 15 நாளுக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். நாமினி அந்தப் பணத்தை வாரிசுகள் எல்லோருக்குமாகப் பெற்றுக்கொள்பவர்தான், வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கீடு வீட்டுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம், வங்கி அதற்காகப் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. இந்த ஒரு தகவல் முதல் நாளே யாராவது சொல்லக் கிடைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

மீதிப் பாதி அலைச்சல் அம்மாவின் கையெழுத்தால் வந்தது. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. 1951 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 100க்கு 9 பேருக்குக்கூட எழுத்தறிவு இல்லை. அதற்குச் சில வருடங்கள் கழித்துப் பிறந்தவர் அம்மா. தம்பி தங்கைகளைத் தூக்கி வளர்க்கவும் வயல் வேலைக்குமே அவருடைய சின்ன வயது போய்விட்டது. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கம் வந்தபோது, வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து தன் பெயரை எழுதப் பழகினார். ஐந்து எழுத்து. கொஞ்ச காலம் கழித்து வங்கியில் சேமிப்புக் கணக்குத் திறந்தபோது ரேகை வைக்காமல் அந்த ஐந்து எழுத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எத்தனை தடவை அதைச் சொன்னார் என்று எனக்கு நினைவிருக்கிறது.

இப்போது அம்மாவின் கை நடுங்குகிறது. நடுவில் எழுதுகிற வழக்கமும் விட்டுப்போயிற்று. டெபாசிட் பணம் அம்மாவின் சேமிப்புக் கணக்கில்தான் வர வேண்டும், அந்தக் கணக்கிலோ பழைய கையெழுத்து இருக்கிறது. அம்மா போடுகிற கையெழுத்து அதோடு ஒத்துப்போகவில்லை என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சரி, ரேகை வைக்கிறோம் என்றால், “கணக்குல கையெழுத்து இருக்கும்போது ரேகையை எப்படி எடுத்துக்க முடியும்?” என்றார்கள். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சி வேண்டும் என்றார்கள். ஊரில் அந்தக் கிளையில் கணக்கு வைத்திருக்கிற ஒருவர், சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டாயிரம் ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஆதார் கருவியில் விரல் வைக்கச் சொன்னார்கள். ஐம்பது வருடம் நாற்றுப் பறித்து, நடவு நட்டு, கதிர் அறுத்த கையில் ரேகை எங்கே இருக்கும்? கருவி ஒவ்வொரு விரலாக நிராகரித்தது.

அன்றைக்கு எங்களுக்குப் பின்னால் நீண்ட வரிசை. ஒரு இளைஞர், இருபத்தைந்து வயது இருக்கலாம், கூட வந்தவரிடம் சத்தமாகவே சொன்னார்: “தற்குறிங்களை எல்லாம் கூட்டிட்டு வந்து நம்ம நேரத்தைக் கெடுக்கறாங்க.” கவுண்டரில் இருந்தவருக்கும் கேட்டது, அவர் தலையை நிமிர்த்தவில்லை. நான் திரும்பி ஏதோ கேட்க வாயைத் திறந்தேன். அம்மா என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தச் சொல்லின் அர்த்தம் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்து, வெளியில் வந்ததும் “ஏதோ பேசிட்டுப் போறான், விடும்மா” என்றேன். “எனக்குத் தெரியும்யா அது என்னன்னு. எங்க அப்பாவைப் பண்ணையில அப்படித்தான் கூப்புடுவாங்க” என்றார். அதற்குப் பிறகு அம்மா வங்கிக்கு வர மறுத்துவிட்டார். “அந்தப் பணமே வேணாம், உங்க அப்பாவே இல்லை, பணத்தை வச்சு என்ன பண்ணப் போறேன்” என்று படுத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் சொல்ல முடியாது. அன்று இரவு தூங்கவில்லை. ரூபாய் போனதெல்லாம் ஒரு பக்கம், தன் பெயரை எழுதியதை அவ்வளவு பெருமையாக வைத்திருந்த ஒரு மனுஷியை நாலு பேர் முன்னால் ஒரே சொல்லில் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார்களே என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அம்மா எப்படிப்பட்டவர் என்று ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவிலிருந்து நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப் போவது அம்மாதான். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. எத்தனை மா நட்டார்கள், யார் அரை நாள் வந்தார்கள், யாருக்கு முன்பணம் போனது, தலைக்கு எவ்வளவு கூலி என்று எல்லாம் மனக்கணக்கிலேயே பிரித்துக் கொடுப்பார். கூலி விஷயத்தில் அம்மாவின் கணக்கைத் தப்பென்று ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. நாற்றைப் பார்த்தே எத்தனை நாள் வயது என்று சொல்லிவிடுவார். இப்படி ஒருவரை மூளை இல்லாதவர் என்று சொல்ல ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

திருப்பூர் திரும்பியதும் நூலகத்தில் போய் அகராதி புரட்டினேன். நான் பள்ளியில் படித்த தமிழ்தான், ஆனாலும் அந்தச் சொல்லை அதுவரை பிரித்துப் பார்த்ததில்லை. தன் என்பதும் குறி என்பதும் சேர்ந்து தற்குறி. தற்கொலை, தற்காப்பு, தற்பெருமை எல்லாவற்றிலும் ‘தன்’ என்பதுதானே ‘தற்’ என்று ஆகிறது, அதே போலத்தான். எழுதத் தெரியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகத் தானே போடுகிற குறி, ஒரு கீறல், அதுதான் தற்குறி. முதலில் அந்தச் சொல் குறித்தது அடையாளத்தைத்தான். அப்புறம் அந்த அடையாளத்தைப் போடுகிற ஆளுக்கு, அதாவது எழுத்தறியாதவருக்கு, அது பெயரானது. அதிலிருந்து ஒன்றும் தெரியாதவர், முட்டாள் என்று போய்விட்டது. இப்போது கைபேசியில் அரசியல் சண்டை போடுகிறவர்கள் நன்றாகப் படித்தவர்களையே ஒருவரை ஒருவர் தற்குறி என்று திட்டிக்கொள்கிறார்கள். எழுத்துக்கும் அந்தச் சொல்லுக்கும் இருந்த தொடர்பே அறுந்துபோய், அவமானம் மட்டும் மிச்சமாக நிற்கிறது.

அதைவிட என்னை நிறுத்தி வைத்தது இன்னொரு பதிவு. கல்வெட்டுகளில் ‘தற்குறிமாட்டெறிதல்’ என்று ஒரு சொல் இருக்கிறது. எழுதத் தெரியாத ஒருவர் போட்ட கீறலுக்குப் பக்கத்தில், இது இன்னாருடைய குறிதான் என்று எழுதத் தெரிந்தவர் சாட்சி போடுவது. பழைய ஆவணங்களில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் “இவை இன்னார் எழுத்து” என்று முடிப்பார். தெரியாதவருக்கு இந்த ஏற்பாடு. அதாவது, எழுதத் தெரியாது என்பதற்காக ஒருவரை ஆவணத்துக்கு வெளியே தள்ளாமல், அவருடைய சம்மதத்தையும் செல்லும்படி ஆக்க நம் ஊரில் ஒரு முறை இருந்திருக்கிறது. அந்த முறையின் பெயரைத்தான் நாம் வசையாக்கி வைத்திருக்கிறோம். திருப்பூரிலிருந்து கொடுமணல் ரொம்பத் தூரமில்லை. அங்கும் கீழடியிலும் தோண்டி எடுத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள் இருக்கின்றன, எழுத்தில்லாமல் வெறும் கீறல் குறியீடுகளும் இருக்கின்றன. அந்தக் குறியீடுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பெருமைப்படுகிறோம். என் அம்மா வைக்கிற குறிக்கு மட்டும் ஏன் இந்தப் பேச்சு என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

பெருவிரல் ரேகை வைப்பது இதோடு ஒப்பிட்டால் புதிய பழக்கம். 1858ல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடச் சரளை கொண்டுவர ஒப்பந்தம் எடுத்த ராஜ்யதர் கோனாய் என்பவரிடம், ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் உள்ளங்கை முழுவதையும் மையில் தோய்த்துப் பதியச் சொன்னார். அப்படித் தொடங்கிய பழக்கம், 1897ல் கல்கத்தாவில் கைரேகைக்கென்றே தனி அலுவலகம் திறக்கிற அளவுக்கு வளர்ந்தது. கையெழுத்தை இன்னொருவர் பார்த்துப் போட்டுவிடலாம், ரேகையை அப்படிச் செய்ய முடியாது. படித்தவர் படிக்காதவர் என்று இல்லாமல், இன்றைக்குப் பத்திரப் பதிவில் சொத்து எழுதிக் கொடுப்பவர் வாங்குபவர் எல்லோரிடமும் ரேகை வாங்குகிறார்கள் அல்லவா?

அப்புறம் சட்டத்தைத் தேடினேன். கம்பெனியில் கணக்குப் பார்க்கிற அண்ணன் ஒருவர் உதவினார். 1897ஆம் வருடத்துப் பொதுச் சரத்துகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் 3ஆவது பிரிவின் 56ஆவது உட்பிரிவு, பெயர் எழுத முடியாதவர் விஷயத்தில் ‘கையெழுத்து’ என்றால் அவர் இடுகிற ‘குறி’யும் அதில் அடங்கும் என்கிறது. ஆக, அம்மாவின் குறி சட்டப்படி கையெழுத்தேதான், வங்கி மனமிரங்கிச் செய்கிற சலுகை இல்லை. ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் சேவை விதிகளிலும் இதற்கு வழி இருக்கிறது. வயதானவர்கள், நோயாளிகள், கை முடியாதவர்கள் பெருவிரல் ரேகையோ கால் விரல் ரேகையோ வைக்கலாம். அதை வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும். அந்த இரண்டு பேரில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாகவே இருக்க வேண்டும். ரேகைகூட வைக்க முடியாமல், வங்கிக்கும் வர முடியாமல் இருப்பவர் என்றால் ஒரு குறி இட்டாலே போதும், அதற்கும் இதே போல இரண்டு சாட்சி. இதைப் படித்தபோது எனக்குக் கல்வெட்டில் இருந்த ஏற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

கவனியுங்கள், ஒரு சாட்சி வங்கி அதிகாரியே. அப்படியென்றால் நாம் வெளியிலிருந்து தேட வேண்டியது ஒரே ஒருவரைத்தான். அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதே கிளையில் கணக்கு இருக்கிற பக்கத்து வீட்டுக்காரரோ, மகளிர் குழுத் தலைவியோ, பள்ளி ஆசிரியரோ போதும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் செய்த முதல் வேலை, எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தது. கிளை மேலாளருக்கு ஒரு கடிதம். வயதின் காரணமாக அம்மாவால் பழையபடி கையெழுத்துப் போட முடியவில்லை, இனிமேல் இந்தக் கணக்கில் பெருவிரல் ரேகையை மாதிரியாக எடுத்துக்கொள்ளவும், நாமினி என்ற முறையில் டெபாசிட் தொகையை வழங்கவும், வேறு ஆவணம் வேண்டுமென்றால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் தரவும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை போட்டு வாங்கிக்கொண்டேன். வாயால் கேட்டபோது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பதில் சொன்னவர்கள், கடிதத்தைப் படித்ததும் உட்காரச் சொன்னார்கள். மேலாளர் புதிதாக மாறி வந்தவர், நல்ல மனிதர். உறுதிப் பத்திரம் எதற்கு வாங்கினீர்கள் என்று அவரே ஊழியரிடம் கேட்டார். இப்படிக் கொடுத்தும் 30 நாளில் பதில் இல்லை என்றால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, இணையத்திலும் தபாலிலும் புகார் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள். எங்களுக்கு அதுவரை போக வேண்டி வரவில்லை.

அம்மாவை மறுபடி அழைத்துப் போவதுதான் கஷ்டமாக இருந்தது. நான் அகராதியில் பார்த்ததையும், சட்டத்தில் இருப்பதையும் அவரிடம் சொன்னேன். கல்வெட்டு விஷயத்தை இரண்டு தடவை கேட்டார். “அப்ப எழுதத் தெரியாதவங்களுக்கும் கோயில்ல சாட்சி போட்டிருக்காங்களா?” என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “திங்கக்கிழமை போவோம், அன்னிக்குக் கூட்டம் இருக்குமா?” என்று அவராகவே கேட்டார். கூட்டம் குறைவாக இருக்கிற நேரம் பார்த்து, மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனோம். 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்ய வங்கிகள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017லேயே சொல்லியிருக்கிறது. அம்மாவுக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. உங்கள் வீட்டில் ஆகியிருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

விரல் தேய்ந்தவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொண்ட சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். கருவியில் வைப்பதற்கு முன் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துளி தேங்காய் எண்ணெய் தடவி, நன்றாகத் துடைத்துவிட்டு வைத்தால் அம்மாவுக்கு மோதிர விரல் வேலை செய்தது. பெருவிரல்தான் வைக்க வேண்டும் என்று ஆதாரில் இல்லை, பத்து விரலையும் முயற்சி செய்யச் சொல்லுங்கள். எதுவும் சரியாகவில்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையையும் கண் கருவிழியையும் புதுப்பித்துக்கொள்வது நல்லது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வாழ்நாள் சான்றுக்கு இப்போது முகத்தைக் காட்டியே கைபேசியில் முடிக்கலாம், 2021 முதல் அந்த வசதி இருக்கிறது. வங்கியில் அடையாளத்துக்கு ஆதார் ஒன்றுதான் என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம். வாக்காளர் அட்டையும், அதிகாரி கையெழுத்துப் போட்ட நூறு நாள் வேலை அட்டையும் செல்லும்.

இன்னொன்று, இது மிக முக்கியம். பெரியவர்களின் கணக்கில் நாமினி போடும்போது ரேகை வைத்தால் அந்தப் படிவத்தில் இரண்டு சாட்சி கட்டாயம். கையெழுத்துப் போட்டால் சாட்சி தேவையில்லை. ஆகவே ரேகை வைத்த பழைய நாமினி படிவங்கள் உங்கள் வீட்டில் இருந்தால், சாட்சி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடுங்கள். அவர் இறந்த பிறகு பார்த்து ஒன்றும் செய்ய முடியாது. அதே மாதிரி, தடுமாறித் தடுமாறிக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குக் கை இன்னும் ஓரளவு ஓடும்போதே மாதிரிக் கையெழுத்தைப் புதுப்பித்துவிடுங்கள். அல்லது ரேகைக்கு மாற்றிவிடுங்கள். இதில் பெரியவர்களின் மனசு சம்பந்தப்பட்டிருக்கிறது. கையெழுத்திலிருந்து ரேகைக்கு மாறுவது அம்மாவுக்கு எளிதாக இல்லை. படிவத்தில் ரேகை வைத்துவிட்டு, பக்கத்திலேயே தன் பெயரையும் எழுதட்டுமா என்று மேலாளரிடம் கேட்டார். அவர் சிரித்த முகத்தோடு எழுதச் சொன்னார், அம்மா நடுக்கத்தோடு ஐந்து எழுத்தையும் எழுதினார்.

வெற்றுக் காகிதத்தில் ரேகை வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடன் கொடுக்கிறேன், மானியம் வாங்கித் தருகிறேன் என்று வருவார்கள். எழுதாத காகிதத்திலும், பாதி நிரப்பிய படிவத்திலும் ரேகை வைக்கக் கூடாது என்று வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பத்திரம் என்றால், அதில் இருப்பதை முழுக்கப் படித்துக் காட்டச் சொல்ல வேண்டும். படித்துக் காட்டியவர் யார் என்பதும் அந்தப் பத்திரத்திலேயே பெயரோடும் கையெழுத்தோடும் இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் எழுதி வாங்கிய ஆவணம் வழக்குக்குப் போனால், விஷயத்தை அவருக்குப் புரியும்படி சொல்லித்தான் வாங்கினோம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு பெரும்பாலும் ஆதாயம் அடைந்தவர் தலையில்தான் விழும். நீதிமன்றங்கள் அதை அப்படித்தான் பார்த்து வந்திருக்கின்றன. ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்தால், நமக்குத்தான் படிப்பில்லையே என்று முடங்கிவிடாமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் கிடைப்பார், வருமான வரம்பு பார்ப்பதில்லை.

பணம் கடைசியில் அம்மா கணக்குக்கு வந்தது. கடிதம் கொடுத்த பிறகு நீண்ட நாள் ஆகவில்லை. இப்போது எங்கள் தெருவில் வங்கி வேலை என்றால் அம்மாவைத் துணைக்குக் கூப்பிடுகிறார்கள். “ரெண்டு சாட்சியில ஒண்ணு உங்க ஆபீசரே போடணும்ல சார்?” என்று அவரே கவுண்டரில் கேட்கிறாராம், பக்கத்து வீட்டு அத்தை போனில் சொன்னார். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டுப் பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் எழுத்தறிவு இல்லாமல்தான் இருந்தார்கள். அவர்களில் நிறையப் பேருக்கு இப்போது வயதாகிறது. அவர்களும் இதே வரிசைகளில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். அந்த வரிசையில் உங்களுக்கு முன்னால் ஒருவர் கைநாட்டு வைக்கத் தாமதமானால், அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள், யாராவது சொன்னால் சும்மா இருக்காதீர்கள். முடிந்தால் சாட்சிக் கையெழுத்துப் போட முன்வாருங்கள்.

அம்மா இப்போது வீட்டையும் இருக்கிற கொஞ்ச நிலத்தையும் உயிலாக எழுதி வைக்க வேண்டும் என்கிறார். 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆவது பிரிவு, எழுதுகிறவர் கையெழுத்தோ குறியோ இடலாம் என்கிறது. அவர் அதை இடுவதைப் பார்த்த, அல்லது இது நான் இட்டதுதான் என்று அவர் சொல்லக் கேட்ட இரண்டு சாட்சிகள், அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் எழுதத் தெரியாதவர் உயிலைப் பதிவு செய்துவிடுவதுதான் பிற்காலத்துச் சண்டையைக் குறைக்கும் என்று ஆவண எழுத்தர் சொன்னார், எனக்கும் அது சரியாகப் படுகிறது. சொத்தில் பங்கு பெறாதவர்களாக, உயில் எழுதுகிறவரைவிட வயது குறைந்தவர்களாகச் சாட்சியைப் பிடியுங்கள். அம்மா தன்னோடு நடவுக்கு வருகிற இரண்டு பேரை ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார். அறுப்பு முடிந்ததும் பதிவு அலுவலகத்துக்குப் போகிறோம்.